மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டை முடியப் போகிறது, இன்னும் பீரியட்ஸ் வரவில்லை. புது அட்டையைத் தொடங்கலாமா?

ராயக்கோட்டை தங்கச்சி:
தெரிந்த அக்காக்கள் யாராவது சொல்லுங்கள். பையனுக்கு இரண்டு வயது, அடுத்ததற்கு இடைவெளி வேண்டும் என்று நர்சம்மா கொடுத்த மாலா என் மாத்திரைதான் சில மாதங்களாகச் சாப்பிடுகிறேன். வழக்கமாக வெள்ளை மாத்திரை முடிந்து மூன்றாவது கலர் மாத்திரை போடும்போதே வந்துவிடும். இந்த முறை ஆறாவதும் போட்டாயிற்று, அடிவயிறு லேசாகப் பிடிக்கிறதே தவிர ஒரு சொட்டு படவில்லை. ஒரு நாளும் மாத்திரையை விட்டதில்லை. ஆனால் ஓசூரில் கம்பெனி வேலை, நைட் ஷிப்ட் வாரம் வந்தால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுவது காலையில் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு என்று மாறிவிடும். மாமியார், "தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்புறம் புது அட்டையைப் பிரி, இல்லாவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்" என்கிறார். நாளை மறுநாள் புது அட்டை தொடங்கும் நாள். காத்திருக்கவா, போடவா? கர்ப்பமாக இருந்து மாத்திரையும் போட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே இல்லை.

பென்னாகரம் அக்கா:
பயப்படாதே. நானும் அரசு ஆஸ்பத்திரி மாத்திரைதான், எனக்கு மாதக்கணக்கே கிடையாது, தள்ளித் தள்ளித்தான் வரும். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி செவிலியர் (ஓய்வு):
பென்னாகரம் தங்கச்சி, நீங்கள் சாப்பிடுவது வாரத்துக்கு ஒன்று போடும் 'சாயா' கருத்தடை மாத்திரையா? முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று, அதுதானே? அது ஹார்மோன் இல்லாத மாத்திரை, அதில் நாள் தள்ளுவது சகஜம். மாலா என் வேறு. அந்தக் கணக்கை இதற்குப் போடக் கூடாது.

ராயக்கோட்டை தங்கச்சி, காத்திருக்க வேண்டாம். பீரியட்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், 28 மாத்திரை முடிந்த மறுநாளே புது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைப் போட வேண்டும். அட்டையில் 21 வெள்ளை, அதில்தான் ஹார்மோன். கலர் மாத்திரை ஏழும் வெறும் இரும்புச் சத்து. அந்த ஏழு நாள் இடைவெளி வரைக்கும்தான் கருமுட்டை வளராமல் அடங்கி இருக்கும். வரட்டும் வரட்டும் என்று எட்டு, ஒன்பது, பத்து நாள் ஆக்கினால் முட்டை வளர ஆரம்பித்துவிடும். மாதத்திலேயே ஆபத்தான தாமதம் இதுதான். ஒழுங்காக மாத்திரை போட்டும் கர்ப்பமாகி வந்த பெண்களிடம் விசாரித்தால், பல பேர் இப்படிக் காத்திருந்தவர்களாக இருப்பார்கள், எனக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

கெட்ட ரத்தம் தங்குவது என்று ஒன்று கிடையாது. மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பப்பையின் உள் சவ்வு தடிக்காமல் மெலிசாகவே இருக்கும். ஹார்மோன் நின்றதும் அது கொஞ்சமாக உதிரும், சில மாதம் உதிர்வதற்கே ஒன்றும் இருக்காது. மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள்.

நேரம் மாறியது பற்றி: ராத்திரி போட வேண்டியதை மறுநாள் காலையில் போட்டால் அது தாமதம்தான், விட்டதாகக் கணக்கில்லை. முழுதாக ஒரு நாள் தாண்டினால்தான் ஒன்று விட்டதாக அர்த்தம். ஷிப்ட் மாறினாலும் மாறாத நேரம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் ஆறு மணி எப்படி? இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நடுவில் வாந்தி பேதி இரண்டு நாளுக்கு மேல் இருந்ததா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை உண்டா? காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். சாதாரணக் காய்ச்சல், சளிக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் ஒன்றும் செய்யாது.

மன நிம்மதிக்குக் காலையில் முதல் சிறுநீரில் டெஸ்ட் கார்டு போட்டுப் பாருங்கள், நர்சம்மாவிடமே இலவசமாகக் கிடைக்கும். மாத்திரை சாப்பிடுவதால் ரிசல்ட் மாறாது. ஒருவேளை கர்ப்பம் என்றாலே மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை சாப்பிட்டதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

ராயக்கோட்டை தங்கச்சி:
வாந்தி பேதி இல்லை, வேறு மாத்திரையும் இல்லை. டெஸ்டில் ஒரு கோடுதான் வந்தது, கர்ப்பம் இல்லை அக்கா! புது அட்டையும் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் இப்போது இரண்டாவது வெள்ளை மாத்திரையில் லேசாகப் பழுப்பு நிறத்தில் படுகிறது, நிறுத்தணுமா? அப்புறம் ஆடி 18க்கு ஒகேனக்கல் போய்த் தலை முழுக வேண்டும், அந்த நாளில்தான் கலர் மாத்திரை விழுகிறது.

கிருஷ்ணகிரி செவிலியர் (ஓய்வு):
நிறுத்தக் கூடாது. அந்தக் கறை நின்றுவிடும், மாத்திரை ஓடிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த மாதமும் வரவில்லையென்றால் இன்னொரு டெஸ்ட் எடுங்கள். ஆடி 18க்கு, கலர் மாத்திரை ஏழையும் விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்கினால் அந்த நாளில் பெரும்பாலும் வராது, கொஞ்சம் கறை படலாம், கெடுதல் கிடையாது. மெடிக்கலில் தள்ளிப்போட வேறு மாத்திரை கேட்டு இதோடு சேர்த்துப் போட வேண்டாம். ஒரு அட்டை கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, பார்வை மங்கி மண்டை பிளக்கிற தலைவலி என்று ஏதாவது வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னச் சின்னச் சந்தேகத்துக்கு 104க்குப் போன் போட்டாலும் சொல்வார்கள்.