புலாய் மர இலையெல்லாம் கொப்புளம், மருந்து அடிக்கலாமா?

ஈத்தாம்பையன்:
வணக்கம். நான் பினாங்கு ஆயர் ஈத்தாம். வாசல்ல ஒரு புலாய் மரம், அப்பா வச்சது, இப்ப ரெண்டு மாடி உயரம். கொஞ்ச நாளா இலை பூரா பச்சையா உருண்ட உருண்டையா கொப்புளம், அம்மை போட்ட மாதிரி, பிச்சுப் பாத்தா உள்ள குட்டியா ஏதோ உயிரோட இருக்கு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேற இது பொந்தியானாக் (மலாய்க்காரங்க சொல்ற பொம்பளப் பேய்) குடியிருக்குற மரம் வெட்டிடு தம்பின்னு டெய்லி ஒரு தடவ. கடைல ஒரு பாட்டில் மருந்து குடுத்தாங்க. அடிக்கவா?

கெப்போங்_மாமா:
பாட்டில திறக்காதீங்க தம்பி. இது நம்ம ஏழிலைப்பாலை (7 இலைன்னு பேருதான், 5, 6ம் வரும்). அந்தக் கொப்புளத்த பூச்சி கட்டல, மரமே கட்டிக் குடுக்குது. சைலிட்னு ஒரு பொடிப் பூச்சி, தளிர்ல முட்டை வச்சிட்டுப் போயிடும், குஞ்சு சாறு உறிஞ்ச உறிஞ்ச இலை அதச் சுத்தி வீங்கி மூடிக்கும், உள்ளயே வளந்து றெக்கை வந்ததும் கொப்புளம் வெடிச்சு வெளிய போயிடும். அதனால மேல மருந்து அடிக்கிறது பூட்டுன வீட்டுக்கு வெளிய நின்னு கொசு மருந்து அடிக்கிற கதைதான். அதுவுமில்லாம இந்தப் பூச்சிக்குள்ளயே முட்டை வைக்கிற குட்டிக் குளவி இருக்கு, மருந்துல முதல்ல சாவுறது அதுதான்.

நர்சரிக்காரி:
மாமா சொல்றது பெரிய மரத்துக்கு சரிலா. சின்னக் கன்னுன்னா நான் விடமாட்டேன், தளிரெல்லாம் சுருண்டு வளர்ச்சியே நின்னுடும், கொப்புளம் இருக்குற இலைய வெடிக்கிறதுக்கு முன்னாடியே கிள்ளிடுவேன். பால் வரும், கண்ல படாம பாத்துக்கங்க.

ஈத்தாம்பையன்:
நன்றி அக்கா, மாமா. இன்னொன்னு, நேத்து விரல் தண்டிக்கு ஒரு பச்சைப் புழு, பின்னால கொம்பு, தலைப்பக்கம் நீலமா ரெண்டு கண்ணு, ஒரே ராத்திரில ஒரு கொத்து இலை காலி!!

கெப்போங்_மாமா:
அது கண்ணு இல்ல தம்பி, புள்ளி. குருவிய மிரட்டுறதுக்கு. அரளி, நந்தியாவட்டைல வருமே அதே புழு மாதிரிதான் தெரியுது, அந்தப் பால் விஷம் அத ஒன்னும் பண்ணாது. கூடு கட்டப் போறப்ப தானா கீழ எறங்கிடும், அப்புறம் பச்சைல ரோஸ் கலந்த பெரிய அந்துப்பூச்சியா வரும், வந்தா போட்டோ போடுங்க.

ஈத்தாம்பையன்:
சரி மாமா. ஆன்ட்டிக்கு அந்தப் புழுவக் காட்டினேன், பொந்தியானாக்கே பரவால்லன்னு உள்ள போயிட்டாங்க.