ஃபிராம் நீரிணையில் பனி ஸ்வால்பார்ட் பக்கம் சாய்கிறது, எங்கே தப்பு?

கேள்வி:
வணக்கம். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களிலிருந்து, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணையில் கடல் பனியின் நகர்வைக் கணக்கிடுகிறேன். மார்ச் மாதப் படங்கள், பிக்சல் 40 மீட்டர். ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை இபிஎஸ்ஜி 3413 என்ற குறியீடுள்ள வடதுருவ வரைபட அமைப்புக்கு மாற்றி, ஒட்டுறவு (படத் துண்டுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பார்த்துப் பொருத்துகிறேன். வேகம் நாளுக்கு 10 கிலோமீட்டர் போல வருகிறது, அது சரிதான். திசைதான் இடிக்கிறது. கிரீன்லாந்தை ஒட்டித் தெற்கே இறங்க வேண்டிய பனி, தென்கிழக்கே போவதாகக் காட்டுகிறது. இரைச்சலை வடிகட்டியும் பார்த்தேன், அசையவில்லை. காலநிலை மாதிரியோடு ஒப்பிட வேண்டும், இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன்.

பதில்:
பொருத்தத்தைச் சந்தேகப்படாதீர்கள். ஒரு பிக்சல் தவறினால் 40 மீட்டர்; 10 கிலோமீட்டர் நகர்வின் திசையை அது என்ன செய்துவிடும்? 0 டிகிரி தீர்க்கரேகையில் திசை தெற்கிலிருந்து எவ்வளவு சாய்கிறது? மேற்கு 15-ல் எவ்வளவு?

கேட்டவர்:
0-வில் கிட்டத்தட்ட 45 டிகிரி. மேற்கு 15-ல் 30. ஏன் கேட்கிறீர்கள்?

பதில்:
நினைத்தேன். நானும் இதே குழியில் விழுந்தவன். 3413-ன் நடுத் தீர்க்கரேகை மேற்கு 45. அந்தக் கோட்டில் மட்டும்தான் ஒய் அச்சு வடக்கைப் பார்க்கும். நீங்கள் எங்கும் எக்ஸ் கிழக்கு, ஒய் வடக்கு என்று எடுத்துவிட்டீர்கள். தீர்க்கரேகையோடு (மேற்கு என்றால் கழித்தல் குறி) 45-ஐக் கூட்டினால் தீட்டா, அதாவது சுழற்ற வேண்டிய கோணம். கீழே எக்ஸ், ஒய் என்பவை வரைபட அச்சுகளில் வரும் நகர்வு.

கிழக்கு = எக்ஸ் × காஸ் தீட்டா + ஒய் × சைன் தீட்டா
வடக்கு = ஒய் × காஸ் தீட்டா − எக்ஸ் × சைன் தீட்டா

இன்னொருவர்:
மாதிரி பக்கமும் பாருங்கள். நெமோ போன்ற கடல் மாதிரிகளிலும் வேகம் அவற்றின் கணக்கீட்டுக் கட்டத்தின் அச்சுப்படிதான் இருக்கும். சுழற்றாமல் விட்டால், 0 டிகிரியில் தெற்கு நோக்கிய வேகம் சுமார் 30 சதவீதம் குறைவாக விழும். நீரிணை வழியே வெளியேறும் பனியின் கணக்கே கெட்டுவிடும். மொத்த வேகம் மாறாததால் கண்ணிலும் படாது.

கேட்டவர்:
சுழற்றியதும் தெற்கே திரும்பிவிட்டது, மிக்க நன்றி! கிரீன்லாந்து கரையோரம் மட்டும் பூஜ்யமாகவே வருகிறது. நீக்கிவிடவா?

பதில்:
ஐயோ, வேண்டாம். அது கரையோடு உறைந்து ஒட்டிய பனி, நிஜமாகவே நகரவில்லை. ஒட்டுறவு ஒரு வரம்புக்குக் கீழே உள்ள விளிம்பு நகர்வு அம்புகளை நீக்குங்கள். அப்புறம், ஜூலைப் படங்களுக்கு இதே வரம்பை வைக்காதீர்கள். மேலே உருகிய நீர் நின்றால் சென்டினலின் 5.5 செ.மீ. ரேடார் அலை பனிக்குள்ளே போகாது. பனியின் அடையாளங்கள் மங்கி, கண்டதெல்லாம் பொருந்தும்.