ஹெண்டனில் நிற்கும் லங்காஸ்டரும் அதில் பறந்தவர்களும்

லண்டன் ஹெண்டனில் உள்ள ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்துக்கு நான் அடிக்கடி போவேன். கோலிண்டேல் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், அனுமதியும் இலவசம். அங்கே இருப்பதில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஆர்5868 என்ற லங்காஸ்டர், இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். 'எஸ் ஃபார் ஷுகர்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அதன் மூக்குப் பகுதியில் வரிசை வரிசையாகக் குட்டிக் குண்டுகளை மஞ்சள் பெயின்ட்டில் வரைந்திருப்பார்கள். ஒரு தாக்குதலுக்குப் போய்வந்தால் ஒரு குண்டு. மொத்தக் கணக்கு 137. எதிரி விமானம் ஒன்றுகூட ஜெர்மனி மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் விட்ட சவடாலையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட வந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, 137 தடவையும் அதே ஆளுங்கதான் போனாங்களா?" என்று கேட்டான். இல்லை. விமானத்துக்கு ஏழு பேர். வழக்கமாக 30 தாக்குதல் முடித்தால் அந்தக் குழுவுக்கு ஓய்வு. அந்த முப்பதை முடிக்காமலே போனவர்கள்தான் அதிகம். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்துப்போனார்கள். தயாரான 7,377 லங்காஸ்டர்களில் கிட்டத்தட்டப் பாதி அழிந்தது. அந்தக் கணக்கில் இது ஒன்று தப்பியதே பெரிய விஷயம்.

1942 ஜூலையில் ஸ்காம்ப்டன் விமானத் தளத்தில் 83ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவோடு தொடங்கியது இதன் வேலை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியர்களின் 467ஆம் ஸ்குவாட்ரனுக்கு மாறியது. அந்த நவம்பரில் பெர்லினுக்குப் போன இரவில், இருட்டில் இன்னொரு லங்காஸ்டரோடு மோதி இறக்கை சேதமானது. அப்படியே இங்கிலாந்து வரை ஓட்டிவந்து இறக்கினார்கள். பழுது பார்த்து மறுபடி அனுப்பினார்கள்.

போகிறவர்கள் மூக்குக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அவசரமாகக் குதிப்பதற்கான கதவு அங்கேதான் இருக்கிறது. அகலம் வெறும் 22 அங்குலம். தடித்த உடுப்பும் பாராசூட்டுமாக, தீப்பிடித்துச் சுழன்று விழுகிற விமானத்தில், இருட்டில், அதன் வழியாக வெளியேற வேண்டும். அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஹாலிஃபாக்ஸில் இதே கதவு இதைவிட இரண்டு அங்குலம் அதிக அகலம். சுடப்பட்ட லங்காஸ்டர்களிலிருந்து உயிரோடு தப்பியவர்கள் குறைவு என்பதற்கு இந்தக் கதவும் ஒரு காரணம். போர் முடியப்போகும்வரை இதைப் பெரிதாக்காமல் விட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை.

அப்புறம் வால் பக்கம் போங்கள். பின்பக்கத் துப்பாக்கிக்காரர் அந்தக் கூண்டுக்குள் ஏழெட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். உள்ளே பாராசூட் வைக்கக்கூட இடமில்லை. அது அவர் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கும். மின்சாரத்தில் சூடாகும் உடுப்பு பழுதானால் கைவிரல் விறைத்துப்போகும்.

இதெல்லாம் பேசும்போது கீழே இருந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. அந்த மஞ்சள் குண்டுகளில் பல, குழந்தைகளும் கிழவர்களும் தூங்கிக்கொண்டிருந்த ஊர்கள் மேல் விழுந்தவை. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து போர்க்கைதிகளை ஊருக்குக் கொண்டுவரும் வேலையையும் இந்த லங்காஸ்டர் செய்தது. பிறகு பல வருடம் ஸ்காம்ப்டன் தளத்தின் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1972இல் ஹெண்டனுக்கு வந்தது.

லிங்கன்ஷையரின் ஈஸ்ட் கிர்க்பியில் 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டரில் ஏறி, அது தரையில் ஓடும்போது உள்ளே உட்கார்ந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். உள்ளே இறக்கைத் தண்டு குறுக்கே நிற்குமாமே, அதைத் தாண்டி ஏறிப் போவது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.