புதுப்பிப்பு: கொரிய மொழியின் மூன்று 'தல்' குழப்பம்

ஊழியத்துக்காக சியோல் போகும் முன் மொழி படிக்கிறேன், நிலா, மகள், முகமூடி மூன்றுக்கும் என் காதில் ஒரே 'தல்'தான் விழுகிறது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒலிப்பதிவை இரண்டு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டதில் பலன் இல்லை. மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னவரின் யோசனைதான் வேலை செய்தது. முகமூடிக்குத் தாள் படபடவென்று ஆட வேண்டும். மகளுக்கு அசையவே கூடாது; 'பத்து'வில் வரும் அழுத்தமான 'த்த' கிட்டத்தட்ட அதே ஒலி.

நிலாதான் படுத்தியது. அதற்கும் தாள் கொஞ்சம் ஆடுகிறது! அப்புறம் ஆசிரியை சொன்னார்: சியோல் பேச்சில் நிலா தாழ்ந்த சுருதியில் தொடங்கும், மற்ற இரண்டும் உயர்ந்த சுருதியில். அதைக் கவனித்த பிறகு பெரும்பாலும் சரியாகப் பிடிக்கிறேன்.

எதிர்பாராத ஒன்று: கடவுளைப் புராட்டஸ்டன்ட் சபையினர் 'ஹனனிம்' என்பார்கள், கத்தோலிக்கர் 'ஹனுனிம்' என்பார்கள். நம்மூர் ஜெபம், செபம் மாதிரி. நான் ஒரே ஜெபத்தில் இரண்டையும் கலந்துவிட்டேன். "நீங்கள் எந்தச் சபை?" என்று ஆசிரியை சிரித்தார்.