மரத்தள ஆடுகளத்தில் கோடும் சின்னமும்: ஒரே சொல் எது?

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, வணக்கம். உள்ளரங்க மரத்தளக் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. ஆட்டக்கோடு, நடுவட்டத்துச் சின்னம், எழுத்து மூன்றையும் சேர்த்துச் சொல்ல 'களக்கோலம்' எனலாமா? நம்ம பக்கம் சட்டென்று புரியும்.

தேவகோட்டையிலிருந்து:
புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கோலம் தரைக்கு மேலே கிடப்பது. பெயின்ட் அப்படிக் கிடந்தால் ஷூ தேய்த்தே அழித்துவிடும். தளத்தை இழைத்து, இரண்டு கோட் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்து, காய்ந்தபின் 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்க உரசி, தூசியை ஒற்றி எடுத்த பிறகுதான் வண்ணம். அதற்கு மேல் இரண்டு கோட் ஃபினிஷ், அதாவது நிறமற்ற மேல்பூச்சு. தேய்வதெல்லாம் ஃபினிஷ்தான். என் பரிந்துரை 'பூச்சிடை வரைவு'.

கண்டனூரிலிருந்து:
ஆத்தங்குடிக் கல்லில் பூ பதிவதுபோல 'பதிவோவியம்' என்றால் என்ன?

தேவகோட்டையிலிருந்து:
அங்கே வண்ணச் சிமென்ட்டைக் கண்ணாடி மேல் ஊற்றிக் கல்லோடு கல்லாக வார்க்கிறோம். தேய்ந்தாலும் பூ இருக்கும். மரத்தில் இருப்பது மெல்லிய படலம் மட்டும். 'பதிவு' என்று படித்தவர் கெட்டியாக அடிப்பார். கெட்டியாக அடித்தால் உள்ளே ஈரம் நின்று, மேல்கோட் சுருங்கும், உரியும். மெல்லிசாக இரண்டு தடவை அடிப்பதே சரி. கூடைப்பந்துக் கோடு 5 செ.மீ., இறகுப்பந்துக் கோடு 4 செ.மீ.; இரண்டும் வெட்டும் இடத்தில் படலம் இரட்டிப்பாவதைக் கவனியுங்கள்.

அடுத்து 'ஓரக்கசிவு': கோட்டுக்கு எல்லையாக ஒட்டும் டேப்பின் அடியில் வண்ணம் கசிவது. டேப்பின் விளிம்பை அழுத்தித் தேய்த்து, முதலில் அதே சீலரை விளிம்பில் லேசாகத் தடவுங்கள். கசிந்தால் நிறமற்றதுதான் கசியும். வண்ணம் முழுதாகக் காய்வதற்குள், டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். காய்ந்தபின் இழுத்தால் விளிம்பு பல்லுப் பல்லாகப் பிய்யும்.

காரைக்குடியிலிருந்து:
இங்கே தேக்குத் தளம் என்றால்?

தேவகோட்டையிலிருந்து:
தேக்கின் எண்ணெய்ப் பசை, எண்ணெய்வகைப் பாலியூரித்தேன் பூச்சைச் சரியாகக் காயவிடாது. முதல் கோட் சீலருக்கு முன்னால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஆவியானதும் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். மழையில் பலகை உப்பியிருக்கும். பங்குனி வெயிலில் சுருங்கும்போது இடுக்கின் மேல் இருக்கும் படலம் கிழியும். இதைவிட மோசம், சில நீர்வகைச் சீலர் இடுக்கில் இறங்கிப் பலகைகளை ஒட்டிவிடுவது. பத்துப் பலகை ஒரே கட்டாகச் சுருங்கி, ஓரிடத்தில் பெரிதாக வாய் பிளக்கும், சின்னம் இரண்டாகும். இதற்கு 'கட்டுப்பிளவு' பொருந்தும்.

கண்டனூரிலிருந்து:
சரி. ஆனால் 'பூச்சிடை வரைவு' பணியாள் வாயில் நுழையாது. தலைச்சொல் 'களவரைவு' ஆகட்டும், 'பூச்சிடை' விளக்கத்தில் வரட்டும்.

தேவகோட்டையிலிருந்து:
ஒப்புகிறேன். பதிவு இப்படி: களவரைவு (பெ.) – மரத்தள ஆடுகளத்தில் சீலருக்கும் ஃபினிஷுக்கும் இடையே, பூச்சிடையாக, பெயின்ட்டால் இடும் கோடு, சின்னம், எழுத்து. மேலே ஒட்டும் வினைல் ஸ்டிக்கர் இதில் சேராது.