பிளாட்ஸ்கார்ட் பெட்டியில் பழகிய ரஷ்யர்கள்

ரஷ்யர்கள் சிரிக்கவே மாட்டார்கள், முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று அங்கே போய்வந்த பலர் சொல்கிறார்கள். மாஸ்கோ மெட்ரோவில் மட்டும் அவர்களைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நான் பெர்ம் நகரில் மருத்துவம் படித்தபோது விடுமுறை கிடைத்தால் ரயிலேறிவிடுவேன். அந்த மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ரயில்களில் தெரிந்துகொண்டதுதான்.

அதிலும் பிளாட்ஸ்கார்ட் வகுப்பில். நம் ஊர் ஸ்லீப்பர் கோச் மாதிரி கதவில்லாத பெட்டி, 54 படுக்கைகள். கூபே என்றால் நாலு பேர் அறை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். சாதாரண ஜனங்கள் பயணம் செய்வது பிளாட்ஸ்கார்டில்.

2017 கோடையில் நானும் வகுப்புத் தோழன் ஒருவனும் பைக்கால் ஏரியைப் பார்க்க பெர்மிலிருந்து இர்குத்ஸ்க் போனோம். 3,700 கிலோமீட்டருக்கு மேல். அப்போதெல்லாம் டிக்கெட்டிலும் ஸ்டேஷன் கடிகாரத்திலும் மாஸ்கோ நேரம்தான் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாறியது 2018 ஆகஸ்டில். இர்குத்ஸ்க் மாஸ்கோவைவிட ஐந்து மணி நேரம் முன்னால். அதனால் ஒரு ஊர் வரும் நேரத்தைக் கேட்டால், 'எந்த நேரத்தில் சொல்லட்டும்?' என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் பெட்டியில் பேச்சு தொடங்கியதே இந்தக் கணக்கில்தான்.

ஏறிய அரை மணிக்குள் பெட்டி வீடாகிவிடும். ஷூ போய் வீட்டுச் செருப்பு வரும், நல்ல துணி போய் பழைய டிராக் பேன்ட் வரும். மேல் படுக்கைக்காரர் சாப்பிட இறங்கினால், கீழே இருப்பவர் மெத்தையைச் சுருட்டி மேசைப் பக்கம் இடம் விடுவார். அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஃபாயிலில் சுற்றிய கோழி, கறுப்பு ரொட்டி எல்லாம் மேசைக்கு வரும். பெட்டி முனையில் நாள் முழுக்க வெந்நீர் இருப்பதால் டீயும் டோஷிராக் நூடுல்ஸும் ஓயாது. மேசையில் வைத்தது எல்லோருக்கும் பொது. 'சாப்பிடுகிறாயா' என்று ஒருமுறை கேட்பார்கள். அப்புறம் கேட்பதில்லை, நம் பக்கம் நகர்த்திவிடுவார்கள்.

என் தோழன் சைவம். எதிர்ப் படுக்கையில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், கிராஸ்னோயார்ஸ்க் போகிறவர். முட்டைகூடச் சாப்பிடமாட்டான் என்று தெரிந்ததும் அது அவருடைய கவலையாகிவிட்டது. ஓம்ஸ்க்குக்கும் நோவோசிபிர்ஸ்க்குக்கும் நடுவே பராபின்ஸ்க் என்று ஒரு ஸ்டேஷன். ரயில் வெகுநேரம் நிற்கும், பிளாட்பாரத்தில் புகையில் வாட்டிய மீன் விற்பார்கள். அந்தம்மா இவனைக் கையைப் பிடித்து இறக்கி, விற்கிற பெண்கள் ஒவ்வொருவரிடமும் விசாரித்து, உருளைக்கிழங்கு மட்டும் வைத்த பிரோஷ்கி, அதாவது பூரணம் வைத்த பன், கண்டுபிடித்துத் தந்தார். காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டார்.

சோவியத் யூனியன் உடைந்தபின் தொண்ணூறுகளில் மாதக்கணக்கில் சம்பளம் வராமலே பள்ளிக்கூடம் போனாராம். ஊருக்கு வெளியே இருந்த சின்னத் தோட்டத்தில் விளைந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான் குடும்பத்தைக் காப்பாற்றின. இதை அழாமல், புகாராகவும் இல்லாமல், விலைவாசி சொல்வதுபோல் சொன்னார். ரஷ்யர்கள் முகத்தில் நாம் பார்க்கும் இறுக்கத்தில் அந்த வருடங்களும் இருக்கின்றன என்றுதான் நான் நம்புகிறேன்.

த்யுமெனில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் வடக்கே எரிவாயு வயலில் வேலை முடித்துத் திரும்புகிறவர். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். மலை போன்ற ஆள், ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். எழுந்ததும் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மகள் தன்னைப் பாதி வருடம் போனில்தான் பார்க்கிறாள் என்று போட்டோவைக் காட்டினார்.

இன்னொருவர், இர்குத்ஸ்க்கையும் தாண்டிக் கிழக்கே இருக்கும் சித்தா நகருக்குப் போகும் ஒரு தாய். மகன் கட்டாய ராணுவ சேவையில் சேர்ந்து சில வாரம் ஆகியிருந்தது. அங்கே புது வீரர்கள் உறுதிமொழி எடுக்கும் நாளில் பெற்றோர் போய்ப் பார்ப்பது வழக்கம். ராத்திரி விளக்கு மங்கியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: 'தம்பி, நீங்கள் டாக்டருக்குப் படிக்கிறீர்களாமே. என் பையனுக்குத் தட்டைப் பாதம். ராணுவத்தில் விலக்குக் கொடுக்கும் அளவுக்கு இல்லை என்றுவிட்டார்கள். பூட்ஸ் போட்டு நடந்து நடந்து கெட்டுப்போகாதா?' ஷூவுக்குள் வைக்கும் தாங்கி பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், படம் போட்டும் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். காலையில் விஷயம் பெட்டி முழுக்கத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் வந்து 'பையனுக்குக் கொடுங்கள்' என்று சாக்லேட்டும் பிஸ்கட்டும் கம்பளிச் சாக்ஸும் வைத்துவிட்டுப் போனார்கள். எரிவாயு வயல்காரர் இரண்டு பாக்கெட் சிகரெட் கொடுத்தார்.

எல்லாம் இனிமை என்று சொல்லமாட்டேன். அதே பயணத்தில் ஒருவன் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு எல்லோரையும் வம்புக்கு இழுத்தான். பெட்டியின் பொறுப்பாளரான ப்ரவோட்னிட்சா ரயில் போலீசை வரவழைத்து அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். இந்த ப்ரவோட்னிட்சாக்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர், முறை மாற்றி வேலை. டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் சரிபார்ப்பது, படுக்கை விரிப்பு கொடுப்பது, கழிவறை கழுவுவது, இறங்கும் ஸ்டேஷனுக்கு முன்பே எழுப்பிவிடுவது எல்லாம் அவர்கள்தான். பல பெட்டிகளில் கரி போட்டுக் குளிர்காய வைப்பதும் அவர்கள் வேலை. ஒரு புன்னகை வாங்குவது கஷ்டம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு குளிர்காலப் பயணத்தில், கேட்காமலே இன்னொரு கம்பளியும் எலுமிச்சை போட்ட டீயும் கொண்டுவந்தவர் அப்படி ஒருவர்தான்.

இப்போதும் அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டால் பெட்டிகள் மாறியிருக்கின்றன. சீருடையில் நிறையப் பேர் பயணம் செய்கிறார்கள். 2022 மார்ச்சில் ராணுவத்தை விமர்சிப்பதற்கு எதிராகச் சட்டம் வந்தபின், உக்ரைன் போர் பற்றித் திறந்த பெட்டியில் யாரும் வாய் திறப்பதில்லை. போகிறவர்கள் நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, பதில் சொல்கிறவருக்கும் ஆபத்து.

குடும்பம், வேலை, படிப்பு, சமையல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ராஜ் கபூரையும் மிதுன் சக்ரவர்த்தியையும் வயதானவர்கள் தாங்களே இழுத்துவருவார்கள். கொஞ்சமாவது ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு போங்கள். டிக்கெட் எடுக்கும்போது 37, 38 வேண்டாம், கழிவறைக்கு ஒட்டினாற்போல் இருக்கும். மேசையில் வைக்க நம் ஊர் டீத்தூளோ கடலை மிட்டாயோ எடுத்துப்போங்கள். கடலை மிட்டாய்க்கு அங்கே நல்ல வரவேற்பு.