‘ஒரு கையெழுத்துதானே!’ – கடுதாசியில் மாட்டிக்கொண்ட கதை, நம்ம நெல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

ஆத்தங்கரை ஆள்:
மூலப்பத்திரம் இல்லாமல் இடம் விற்கப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் என் கதையைக் கொட்டிவிடுகிறேன்.

2023. அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கம் அப்பா வாங்கிப் போட்ட முப்பது சென்ட். பட்டா என் பெயரில், வில்லங்கம் சுத்தம், பத்திர நகல் அந்தப் பதிவு அலுவலகத்துப் புத்தகத்திலிருந்தே எடுத்தது. அசல் மட்டும் இல்லை. 92 தாமிரபரணி வெள்ளத்தில் பெட்டியோடு போய்விட்டது. அசல் இல்லையென்றால் போலீஸில் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சான்றிதழ் வாங்கணும், பேப்பரில் விளம்பரம் கொடுக்கணும், பத்திரப் பதிவு விதிகளில் 55ஏ விதி என்றார்கள். சரி என்று ஸ்டேஷனுக்குப் போனேன்.

ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு, “எந்த இடத்துல தொலைச்சீங்க?” என்றார்.

“ஆத்துல போச்சு சார்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “வீடு இந்தக் கரை. பத்திரம் தொலைஞ்சது ஆத்துக்குள்ள. ஆறு பாதிக்கு மேல அந்த ஸ்டேஷன் லிமிட்டுல்லா?”

சிரிப்பார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் போன பத்திரம் எந்தக் கரையில் ஒதுங்கியது என்று நான் எங்கே போய்ச் சொல்ல?

இரண்டு ஸ்டேஷனுக்கும் அலைந்து நாலு மாதம். வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு முக்கூடல் பக்கம் வேறு இடம் முடித்துவிட்டார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த 55ஏ(1) விதியே செல்லாது என்றது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பது சார்பதிவாளர் வேலை இல்லையாம். எனக்கு அந்த ரைட்டர் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஓய்வு வாத்தியார்:
தம்பிக்காவது தீர்ப்பு வந்தது. என் விஷயத்தில் தீர்ப்பு வந்தும் முடிவு வரவில்லை.

ராதாபுரம் சட்டமன்றத் தேர்தல், 2016, எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார், அப்பாவு தோற்றார். செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டு 203. காரணம், கூட வைக்கிற 13ஏ உறுதிமொழியில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்கள் கெசட்டட் ஆபீசர் (அரசிதழில் பெயர் வருகிற, பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி) இல்லையாம்.

நான் அப்போது நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேர்தல் பணிக்குப் போகிற நாலு இளம் ஆசிரியர்கள் படிவத்தோடு வந்தார்கள். பச்சை மைப் பேனாவை எடுத்து, நிதானமாக, பெருமையாகவே கையெழுத்துப் போட்டேன். முத்திரை காய்ந்திருந்தது; ஊதி ஊதிக் குத்தினேன். அதில் ஒரு பிள்ளை, “சார், சீல் நல்லா விழுந்திருக்கு” என்று படிவத்தைத் தூக்கிக் காட்டியது. அது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அந்த 203-ல் இந்த நாலும் உண்டா? தெரியாது. ஓட்டு யாருக்கு என்று கேட்டதுமில்லை.

2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம், தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லும், அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றையும் மறுபடி எண்ணு என்றது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட மட்டும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது.

ஒன்பதில் ஒருத்தன்:
வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பச்சை மை போட்டால் கெசட்டட் ஆகிவிட முடியுமா? யார் சான்றொப்பம் போடலாம் என்று முதலில் கேட்டிருக்கணும். நீங்கள் விட்டதற்கு சட்டத்தைக் குறை சொன்னால் எப்படி?

உங்களுக்குத் தேர்தலாவது ஒழுங்காக வந்தது. எங்கள் பஞ்சாயத்துக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். 2019 டிசம்பரில் ஊரெல்லாம் ஓட்டுப் போட்டபோது திருநெல்வேலியும் தென்காசியும் கிடையாது. நவம்பர் 22-ல்தான் தென்காசியைத் தனி மாவட்டம் ஆக்கியிருந்தார்கள். வார்டு வரையறை செய்யாமல் நடத்தக்கூடாது என்று ஒன்பது மாவட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. எங்களுக்கு ஓட்டு 2021 அக்டோபரில். ஐந்து வருஷம் மெம்பரே இல்லாத ஊர்.

அதில் வார்டுக்கு நின்றேன். முன்மொழிந்தது என் அத்தை, எதிர் வாடைக்காரி, அதாவது தெருவின் எதிர்வரிசை வீடு. பரிசீலனை அன்று அதிகாரி வாக்காளர் பட்டியலை என் பக்கம் திருப்பி, அத்தை பெயருக்கு மேலே விரல் வைத்தார். தெருவின் தென் வாடை அடுத்த வார்டு. முன்மொழிகிறவர் அதே வார்டு வாக்காளராக இருக்கணும். தள்ளுபடி. நம்ம வாசலில் நின்று கூப்பிட்டால் அத்தைக்குக் கேட்கும் சார் என்றேன். அடுத்த மனுவை எடுத்துவிட்டார்.

ஓய்வு வாத்தியார்:
யார் முன்மொழியலாம் என்று முதலில் கேட்டிருக்கணும், தம்பி.

மனு மாமா:
ஆத்தங்கரை மாப்ளே, நீர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இப்படி யாராவது வாயால் ‘விதி’ என்றால் அங்கேயே சண்டை போடக்கூடாது. 2005 தகவல் உரிமைச் சட்டம், 6(1) பிரிவில் மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டும். பதிலுக்கு 30 நாள். வரவில்லையா, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, 19(1). அதுவும் சரியில்லையா, 90 நாளுக்குள் தகவல் ஆணையம், 19(3). முக்கியம் என்னவென்றால் ‘ஏன்’ என்று கேட்கவே கூடாது. ஏன் என்பது தகவல் இல்லை என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். ‘எந்த விதியின்படி, அந்த விதியின் நகல், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்க நகல்’ என்று கேட்கணும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் பயமில்லை, 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்பணும். ஆறு யார் லிமிட்டு என்று அந்த ஸ்டேஷனிலேயே எல்லைப் படம் கேட்டிருக்கலாம். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தொலைத்துவிடாதீர், அதுவும் ஆற்றோடு போய்விடப் போகிறது.

என் அனுபவமா? ரேஷன் கார்டுக்கு மனு போட்டேன். ‘கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று வந்தது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

கருப்பட்டிக் கடை:
நான் வள்ளியூர் பக்கம். மாமியார் காலத்திலிருந்து ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வைத்து விற்கிறோம். போன வருஷம் ஒரு அதிகாரி வந்து, அடைத்து வைத்த பொருளென்றால் பெயர், முகவரி, எடை, மாதம், வருஷம், விலை எல்லாம் மேலே இருக்கணும் என்றார். நியாயம்தான், அச்சடித்து ஒட்டினேன். மறுபடி வந்தார். ஒரு கொட்டானைத் தூக்கினார், லேபிள் கழன்று அவர் மடியில் விழுந்தது. இன்னொன்றைத் தூக்கினார், அதுவும். பனை ஓலையில் பசை நிற்காது, வெயிலில் சுருண்டுவிடும். மடியில் கிடந்த லேபிளைப் படித்துப் பார்த்து, “எல்லா விவரமும் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அபராதம் எழுதினார்.

மனு மாமா:
தங்கச்சி, வாங்குகிறவர் கண் முன்னால் நிறுத்துக் கொட்டானில் போட்டுக் கொடுத்தால் அது அடைத்த பொருளே ஆகாது. லேபிள் தேவையில்லை. தராசில் முத்திரை மட்டும் சரியாக...

கருப்பட்டிக் கடை:
தெரியும் அண்ணாச்சி. சென்னைக்கு பஸ்ஸில் போட்டு விடுகிற கொட்டானை யார் கண் முன்னால் நிறுக்க? ஓலையில் நிற்கிற பசை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆத்தங்கரை ஆள்:
அக்கா, பசை வேண்டாம். அட்டையில் அச்சடித்து, கொட்டான் பின்னும்போதே ஓலைக்குள் செருகிப் பின்னச் சொல்லிப் பாருங்கள். மாமா, எல்லைப் படம் கேட்டு மனு போட்டுவிட்டேன். ஸ்டாம்ப் ஒட்டியாச்சு.